கோள் சொல்லி எழுதிய ஆண்டறிக்கை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஃபாரம்.

"மேடம், இந்த வருஷம் சிறந்த சமூக சேவகி விருது குடுக்கப் போறோம். கமிட்டியில உங்க பேரைத்தான் சொன்னாங்க. இதை நிரப்பிக் குடுத்துட்டா போதும்."

வாங்கிப் பார்த்தேன். பெயர். வயது (கட்டாயமாம்!). முகவரி. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் — 'தாங்கள் ஆற்றிய சேவைகளை விரிவாக எழுதவும். இடம் போதாவிடில் தனித்தாள் இணைக்கவும்.'

"நானேவா எழுதணும்?"

"உங்க சேவை உங்களுக்குத்தானே மேடம் தெரியும்?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த தெருவில ஒருத்தர் பதினாலு தாள் இணைச்சிருக்கார். போட்டோவோட."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை... காபி புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, மனுஷர் பதறிப் போய் என் தலையில் தட்டலாமா வேண்டாமா என்று எழுந்து நிற்கிற அளவுக்குச் சிரிப்பு. பாவம், தன்னைத்தான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்.

இல்லை சார். எனக்கு ஞாபகம் வந்தது ஞானப்பூவும் சவுரியம்மாவும். அவர்கள் கையில் இந்த ஃபாரத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் கொடுத்துப் பார்த்தவள் நான்!

எழுபதுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை, உத்திரமேரூர் பக்கம். மானாம்பதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊரில், ஓடு போட்ட மிஷன் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மாதா கோயில். அதைச் சுற்றி நாற்பது ஐம்பது கிறிஸ்தவக் குடும்பங்கள். ஒருவருக்கும் சொந்த நிலம் கிடையாது. நடவு, களை, அறுப்பு... யார் கூப்பிட்டாலும் போகிற கூலி ஜனங்கள். உத்திரமேரூரிலிருந்து பங்குச் சாமியார் வாரம் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார்.

நான் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இங்கே மாதர் சேவைச் சங்கம் ஒண்ணு இருக்கு. இன்னையிலேர்ந்து நீங்கதான் செக்ரட்டரி."

"எனக்கு என்ன தகுதி சாமி?"

"எழுதப் படிக்கத் தெரியுமே!"

வேறு ஒரு தகுதியும் தேவைப்படவில்லை. அந்தச் சங்கத்தில் இருந்த பதினேழு பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

அதோடு ஒரு கடிதத்தையும், கூடவே ஒரு ஃபாரத்தையும் கொடுத்தார். செங்கல்பட்டில் இருந்த மண்டலச் சங்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு ஊர்க் கிளையும் வருஷம் முழுவதும் செய்த சேவைகளை ஆண்டறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் கிளையிலிருந்து மூன்று வருஷமாக வந்த அறிக்கை ஒரே ஒரு வரி. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எழுதி அனுப்பியது — 'மாதாவின் கிருபையால் எல்லாம் நலம்.' மூன்று வருஷமும் அதே வரி, அதே மசி!

மண்டலச் சங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. 'தங்கள் கிளை எந்தச் சேவையும் செய்யவில்லை எனத் தெரிகிறது. இம்முறையும் முறையான அறிக்கை வராவிடில் கிளை நீக்கப்படும். சங்கக் கொடியைத் திருப்பி ஒப்படைக்கவும்.'

ஒரு கொடிக்காகவா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அப்புறம்தான் அந்தக் கொடியைப் பார்த்தேன்.

நீலச் சாட்டின் துணி. இரண்டு பக்கமும் கழி. நடுவில் மாதா படம். படத்துக்குக் கீழே வெள்ளை நூலில் ஊர்ப் பெயர். பிப்ரவரியில் செங்கல்பட்டில் ஆண்டு மாநாடு நடக்கும். எல்லாக் கிளைகளும் அவரவர் கொடியோடு கடைத்தெரு வழியாகப் பவனி போவார்கள். பாண்டு வாத்தியம் முன்னால் போகும். பஸ், லாரி எல்லாம் நின்று வழிவிடும். வருஷம் முழுக்கத் தெருவில் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற பெண்கள், அன்று ஒரு நாள் தெரு நடுவில் நடப்பார்கள். தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்களே தூக்கிக்கொண்டு!

அந்தக் கொடியைத்தான் திருப்பிக் கொடு என்கிறார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் ரோஷத்துக்கு என்ன பஞ்சம்? அடுத்த ஞாயிறு கூட்டத்தில் ஃபாரத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உறுப்பினர் பெயர், செய்த சேவை, பயன் பெற்றவர், எத்தனை நாள்... பேனாவைத் திறந்தேன்.

"சொல்லுங்க. இந்த வருஷம் யார் யார் என்ன உதவி செஞ்சீங்க?"

பதினேழு பேரும் சொல்லிவைத்த மாதிரி பாயைப் பார்த்தார்கள்.

"ஒருத்தர்கூடவா ஒண்ணும் செய்யல?"

"இல்ல டீச்சர்" என்றார்கள் கோரஸாக.

கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். கொடி என்ற வார்த்தை வந்ததும் ஒரு சலசலப்பு. சங்கத் தலைவி ஞானப்பூ எழுந்து போய்ப் பூசைப் பொருள் வைக்கும் அறையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கொடி அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஞானப்பூவுக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். பேசினால் நாலு வயல் தள்ளிக் கேட்கும். அவரே அன்று மெதுவாகத்தான் பேசினார்.

"டீச்சர், உனுக்குத் தெரியாது. சொன்னா பூடும்."

"எது போயிடும்?"

"பலன்!"

விஷயம் இதுதான். அந்தப் பங்கில் முன்னால் ஒரு வயதான சாமியார் இருந்தாராம். பெரிய சாமியார் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு தவக்காலப் பிரசங்கத்தில் இடி இடிப்பது போல முழங்கியிருக்கிறார். செய்த நன்மையைத் தன் வாயால் சொன்னால், அதன் பலன் அந்த வாய் வழியாகவே வெளியே போய்விடும் என்று. தம்பட்டம் அடிக்காதீர்கள் என்கிற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். நம் பெண்கள் அதை டாக்டர் சொன்ன பத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! ஒருத்திக்குக் கஞ்சி கொண்டு போனால்கூட, புல்லுக்கட்டுக்குள் சொம்பை ஒளித்துவைத்துக்கொண்டு போவார்களாம்.

"இப்ப இருக்கற சாமியே எழுதச் சொல்லியிருக்காரே?"

"இவரு சின்ன சாமியாரு டீச்சர். சொன்னவரு பெரிய சாமியாரு."

"அப்ப அவரையே கேட்டுட்டா போச்சு!"

"அவரு செத்துப் பூட்டாரே!"

ஞானப்பூவின் கண் கலங்கியிருந்தது. "கொடியும் வோணும், பலனும் வோணும். இன்னா பண்றது டீச்சர், நீயே சொல்லு" என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஃபாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னேன். அவர் அடுத்த வாரப் பூசையில் விளக்கி விளக்கிப் பிரசங்கம் வைத்தார். எல்லோரும் பக்தியோடு கேட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறிக்கை அனுப்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் தங்கியிருந்த அறை வாசலில் சவுரியம்மா வந்து நின்றார். ஞானப்பூவுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். எப்போது ஆரம்பித்தது, எதற்காக என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. ஆனாலும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நீயே ஒரு நாயம் சொல்லு. அந்த ஞானப்பூ பண்றது நல்லா கீதா?"

"என்ன பண்ணாங்க?"

"ஏரிக்கரையாண்ட கன்னியம்மா கீறா இல்ல? நம்ம கோயிலு இல்ல, அவுங்க வேற. புள்ள பெத்தாளே! புருசன் செங்கல் சூளைக்குப் பூட்டான். பச்சப் புள்ளைக்குத் தண்ணி ஊத்த ஆளு இல்லியேன்னு நான் காலைல எழுந்து ஓடறேன். போனா... அடுப்பு எரிஞ்சிகினு கீது! புள்ள குளிச்சிட்டுத் தூங்கிகினு கீது! யாரு? ஞானப்பூ! சரின்னு மறுநாளு இன்னும் சீக்கிரமா போறேன். அன்னிக்கும் அவதான்! பதினாறு நாளு டீச்சர்... ஒரு நாளுகூட எனுக்கு உடல அவ!"

பெட்டியைத் திறந்து ஃபாரத்தை எடுத்தேன். உறுப்பினர் பெயர்: ஞானப்பூ. செய்த சேவை...

"இன்னா எழுதற?"

"நீங்க சொன்னதைத்தான்."

சவுரியம்மா திடுக்கிட்டுப் போனார். விரலை மோவாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். நானும் பேனாவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"அவ வாயால அவ சொல்லல. நான்தான சொன்னேன்?"

"ஆமாம்."

"அப்ப அவ பலன் பூடாது." சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது. "ஆனா நான் கோளு சொல்லிட்டேனே!"

"அதனால?"

"பாவம் ஆச்சே. பரவால்ல, சனிக்கெயம சாமி வருவாரு இல்ல? பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடறேன். நீ எழுதிக்கோ. இன்னும் கீது!"

அன்று ஒரு மணி நேரம் சவுரியம்மா கோள் சொன்னார். நான் எழுதினேன். வேறு எந்த வேலையையும் அவ்வளவு சந்தோஷமாக நான் செய்ததில்லை.

அப்புறம் எனக்கு வழி புரிந்துவிட்டது. 'நீங்க என்ன செஞ்சீங்க?' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'அவங்க எப்படி?' என்று கேட்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான்... மதகு திறந்த மாதிரி!

மறுநாள் அடிபம்பில் ஞானப்பூவைப் பிடித்தேன். "சவுரியம்மா எப்படிங்க?"

"அவளா! அவ ஒரு தில்லாலங்கடி டீச்சர். களையெடுப்புல இன்னா பண்ணா தெரியுமா? நம்ம லூர்து அப்ப ஏழு மாசம். குனிய முடியல அதால. மேஸ்திரி பாத்தான்னா நாளைக்கு வராதன்னுவான். இவ தன் வரிசையும் எடுத்துகினு, அது வரிசையும் எடுத்துகினு... மேஸ்திரி இந்தப் பக்கம் வந்தா பாட்டு எடுக்கறா டீச்சர், பாட்டு! அந்தத் தொண்டைய வச்சிகினு! அவன் இவளத் திட்டறதுலயே கீறான், லூர்து பக்கம் திரும்பவே இல்ல. எட்டு நாளு! எங்க காதெல்லாம் பேஜாராப் பூட்ச்சி!"

எழுதினேன். உறுப்பினர் பெயர்: சவுரியம்மா. செய்த சேவை: கர்ப்பிணிக்கு உதவி. பாட்டைப் பற்றி எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. 'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் போட்டேன்.

இந்த லூர்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிய உடம்பு. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கூட்டத்துக்கு வந்தால் தூண் ஓரமாக உட்கார்ந்து, வாயே திறக்காமல் எழுந்து போய்விடுவாள். அவளுடைய மூத்த பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பின் ஒரு கைக்குழந்தை.

அவளைப் பற்றி இரண்டு பேருமே குறை சொன்னார்கள். ஞானப்பூவும் சவுரியம்மாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"மத்தியானம் சோறு துன்ற நேரத்துல ஆளையே காணோம் டீச்சர். பெரிய தெருவுல அந்த வூட்டுப் பின்னாடி, ஜன்னலாண்ட நின்னுகினு பேச்சு... பேச்சு... அப்புடி இன்னாதான் பேசுவாளோ!"

பெரிய தெருவில் நிலபுலத்தோடு இருந்த ஒரு அம்மா. கீழே விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருந்தார். பிள்ளைகள் மெட்ராஸில். சமைக்கிற பெண் காலையும் மாலையும் வருவாள். நடுவில் ஒருவரும் இல்லை. லூர்து அந்த வீட்டு வயலில்தான் வேலை செய்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப் போய், கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவாள். ஏரி எவ்வளவு நிரம்பியது, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்த வீட்டில் சண்டை... அந்த அம்மாவுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் கம்பி வழியாகக் கையை விட்டுச் சொம்பை நகர்த்தி வைப்பாள். இரண்டு மாதம் இப்படி.

"ஏன், உள்ளே போய் உட்கார்ந்து பேசக்கூடாதா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். டீச்சர் படித்திருக்கிறாள், ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்கிற பார்வை.

எங்கள் தெருக்காரர்கள் அந்த வீட்டுக்குள் போகிற வழக்கம் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த அம்மாவுக்கு எதற்கு இவள் வெயிலில் நிற்க வேண்டும்? ஞானப்பூதான் சொன்னார். "கதவு அவங்கள்து டீச்சர். அதுக்கு லூர்து இன்னா பண்ணும்? தனியா படுத்துகினு கீறாங்களே, பாவமா கீது இல்ல?" என் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் ஃபாரத்தில் எழுதினேன். நோயாளியைச் சந்தித்தல் — ஜன்னல் வழியாக.

பதினேழு பேரிடமும் கேட்டேன். பதினாறு பேர் கோள் சொன்னார்கள். லூர்து மட்டும் தலையை ஆட்டிவிட்டாள். "எனுக்கு யாரப் பத்தியும் ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று சிரித்தாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம், அதாவது அவரவர் தனியாக வந்து சொல்லும் பாவங்களைக் கேட்க வழக்கமாக அவருக்கு அரை மணி போதும். அன்று வரிசை கோயில் வாசலைத் தாண்டி, கொடிமரத்தைத் தாண்டி நின்றது. எல்லாம் எங்கள் சங்கத்துப் பெண்கள். முடித்துவிட்டு வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன டீச்சர், இன்னைக்கு இவ்வளவு கூட்டம்? ஊர்ல என்ன நடந்தது?"

"தெரியலையே சாமி" என்றேன். அந்தப் பொய்யை அடுத்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அறிக்கை தயார். ஃபாரம் போதவில்லை. பரீட்சைத் தாள் பதினொன்று இணைத்தேன். ஊசி நூலால் தைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, கொடி தப்பித்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'அறிக்கை கிடைத்தது. விவரங்களை நேரில் உறுதி செய்ய மண்டலத் தலைவி வருகிறார்.'

வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கஞ்சி போட்ட நூல் புடவை, கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தே வந்திருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு என் பதினொரு தாளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், போன வருஷம் வரைக்கும் ஒரே வரி. இந்த வருஷம் ஒரு புத்தகமே வந்திருக்கு. நல்லா எழுதியிருக்கீங்க..." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "முப்பது வருஷம் கட்டுரை நோட்டு திருத்தினவ நான்."

புரிந்தது. நான் கதை எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறார்!

பெண்கள் எல்லோரும் குளித்து, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி முதல் தாளைப் பிரித்தார்.

"ஞானப்பூ யாரு?"

"நான்தாம்மா."

"கன்னியம்மாங்கிற பெண்ணோட குழந்தையை நீங்க பதினாறு நாள் குளிப்பாட்டினீங்களா?"

ஞானப்பூ பாயைப் பார்த்தார்.

"நானா? இல்லியே!"

தலைவி பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"சவுரியம்மா?"

"நான்தாங்க."

"இன்னொருத்தங்க வரிசையையும் சேர்த்துக் களை எடுத்தீங்களாமே?"

"யாரு, நானா? என் வரிசையே எனுக்கு எடுக்க முடியலியேம்மா!"

மூன்றாவது ஆள், நான்காவது ஆள்... எல்லோருக்கும் ஒரே பதில். லூர்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அடுத்தவளைப் பற்றி அவ்வளவு சொன்னவர்கள், தன் பெயர் வந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை பாருங்கள்! பலன் போய்விடுமே!

தலைவி தாள்களை அடுக்கினார். எனக்காக வருத்தப்படுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் இன்னும் மோசம். "டீச்சர், ஊர் மேல உங்களுக்கு இருக்கற அபிமானம் புரியுது. ஆனா இல்லாததை எழுதக்கூடாது இல்லையா? அந்தக் கொடியைக் கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் எழுந்தேன். அறையிலிருந்து கொடியை எடுத்துக்கொண்டு வந்தேன். பழைய நூல் புடவையில் சுற்றி, நான்கு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தலைவி கையை நீட்டினார்.

"அய்ய... இரும்மா!"

சவுரியம்மா. எழுந்து நின்றுவிட்டார்.

"அவ பொய் சொல்றாம்மா! அந்த ஞானப்பூ! பதினாறு நாளும் அவதான் குளிப்பாட்னா. நான் பாத்தேன்! நான் போறதுக்கு முன்னாடியே அடுப்ப மூட்டிடுவா அந்தத் திருடி!"

"யாருடி திருடி?" ஞானப்பூவும் எழுந்துவிட்டார். "அம்மா, இவ மட்டும் ஒயுங்கா? வயலே அதிரப் பாட்டுப் பாடிகினு ரெண்டு வரிசை எடுத்தது யாருன்னு கேளும்மா! மாதா சுரூபத்தாண்ட நின்னுகினு இல்லன்றா!"

"லூர்துவக் கேளும்மா! ஜன்னலாண்ட ரெண்டு மாசம் நின்னா!"

"ஏய், நீ மட்டும் இன்னா? அந்தக் குருட்டுத் தாத்தாவுக்கு வூடு மெழுகிக் குடுத்தது யாருடி?"

"உன்ன சொல்லவா? சொல்லட்டா?"

பதினாறு பெண்கள் நின்றுகொண்டு கத்தினார்கள். ஒருத்தி விரல் இன்னொருத்தியை நோக்கி, அவள் விரல் அடுத்தவளை நோக்கி... கோயில் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டன. என் பதினொரு தாளில் இல்லாததெல்லாம் வந்து விழுந்தது. யார் யாருக்கு ரத்தம் கொடுக்கச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், யார் யார் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தாள், யார் தன் புதுப் புடவையை யாருடைய பெண்ணுக்குக் கட்டி அனுப்பினாள்... கேட்க ஏதோ குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. குற்றச்சாட்டு எல்லாம் இப்படி!

தலைவி முதலில் மிரண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்தேன். இல்லை, அடக்க முடியாமல் சிரிக்கிறார்!

சத்தம் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் தூண் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"எல்லாரையும் சொன்னீங்க. டீச்சர மட்டும் உட்டுட்டீங்களே?"

லூர்து. அந்த வருஷம் முழுவதும் கூட்டத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"மத்தியானம் நான் ஜன்னலாண்ட போறப்ப என் புள்ளைய யாரு வச்சிகினு இருந்தாங்க? டீச்சர்தான். இடுப்புல வச்சிகினே கணக்கு சொல்லித் தராங்க. ஒரு நாளு இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. பீரோ பின்னாடி தூளி கட்டி, பசங்கள சத்தமாப் பாடச் சொல்லி மறைச்சாங்க. என் பொண்ணு சொல்லிச்சி."

பதினாறு தலைகளும் என் பக்கம் திரும்பின. தலைவியும் திரும்பினார். "அப்படியா டீச்சர்?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"நானா? இல்லையே!"

அவ்வளவுதான்! கோயிலே அதிர்ந்தது. ஞானப்பூ சிரித்த சிரிப்பு நாலு வயல் இல்லை, நாற்பது வயல் தள்ளிக் கேட்டிருக்கும். சவுரியம்மா ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். தலைவி என் கையிலிருந்த கொடியை வாங்கி, அப்படியே ஞானப்பூ கையில் கொடுத்துவிட்டார்.

(உங்களிடமும்தான் அந்தக் குழந்தை விஷயத்தை இதுவரை நான் சொல்லவில்லை. கவனித்தீர்களா?)

போகும்போது ஞானப்பூ மட்டும் தலைவியிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். "மாநாட்டுல படிப்பீங்களேம்மா... பேரு போடாம படிச்சிடுங்கம்மா. புண்ணியமாப் போவும்."

பிப்ரவரி மாநாட்டில் அப்படியே படித்தார்கள். பெயரே இல்லாமல், 'ஒரு சகோதரி... ஒரு சகோதரி...' என்று. பெரிய பெரிய ஊர்க் கிளைகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. எங்கள் வரிசையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழங்கை இன்னொரு விலாவில் இடித்தது. என் விலாவிலும் ஒரு இடி விழுந்தது. லூர்துதான்.

அன்று சாயங்காலம் பவனி. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பஸ்ஸெல்லாம் நின்றது. எங்கள் நீலக்கொடி கம்பீரமாகப் போனது. ஒரு கழியை ஞானப்பூ பிடித்திருந்தார், இன்னொன்றை சவுரியம்மா. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. "நேரா புடிடி!" "நீ கொஞ்சம் குனிஞ்சி புடிடி!" என்று கடைசி வரைக்கும் சண்டை. பின்னால் நடந்துகொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அந்த ஊரில் நான் ஆறு வருஷம் இருந்தேன். ஆறு ஆண்டறிக்கையும் நான்தான் எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வருஷமும் பாவசங்கீர்த்தன வரிசை கொடிமரத்தைத் தாண்டியது. சின்ன சாமியாருக்குக் கடைசி வரை காரணம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் அவர் சொல்ல மாட்டார், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது!

இவ்வளவையும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய காபி ஆறிவிட்டது. பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தினார். "அதெல்லாம் சரி மேடம். இதை எப்ப நிரப்பித் தருவீங்க?"

"நான் நிரப்ப முடியாது சார். வேணும்னா ஃபாரத்தில் ஒரே ஒரு திருத்தம் பண்ணிட்டு வாங்க."

"என்ன மேடம்?"

"'தங்கள் சேவைகளைத் தங்கள் சண்டைக்காரர் யாரிடமாவது கேட்டு எழுதி வாங்கி இணைக்கவும்'னு போடுங்க."

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரமாகிறது... பதினாலு தாள்காரர் சண்டைக்காரர் ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம்!